சூழலியல் செய்தியும் செப்பமிடும் ஆசிரியரும்: கடலூர் – சிதம்பரம் வட்டாரத்தை முன்வைத்து ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

காலநிலை, எரிசக்தி, சுற்றுச்சூழல் பற்றிய செய்திகளைத் தமிழில் செப்பமிட்டு வெளியிடும் ஆசிரியரின் வேலை இதழியல் நடைமுறையாகவே இதுகாறும் நோக்கப்பட்டுள்ளது. இக்கட்டுரை அதனை ஒரு மொழிச்செயலாகக் கொண்டு ஆராய்கிறது. பிச்சாவரம், கடலூர் சிப்காட், நெய்வேலி ஆகிய இடங்கள் சார்ந்த செய்திகளில் எந்தச் சொல் தங்குகிறது, எந்தச் சொல் நீங்குகிறது என்பதே ஆய்வுப்பொருள். செய்யுள் நூல்களைப் பதிப்பித்தோர் கைக்கொண்ட பாடவேறுபாடு காட்டும் முறை இங்கு ஒப்புநோக்கப்படுகிறது.

திறவுச்சொற்கள்: சூழலியல் இதழியல், செப்பமிடல், பாடவேறுபாடு, பிச்சாவரம், சிப்காட், நெய்வேலி.

செப்பமிடல்

மாவட்டச் செய்தி ஒன்று நாளிதழுக்கு வந்துசேரும் வழி பலர் அறிந்ததே. ஒன்றிய அளவில் செய்தி திரட்டும் பகுதிநேர நிருபர் எழுதி அனுப்புகிறார். அலுவலகத்தில் உதவி ஆசிரியர் அதைச் சுருக்கி, பிழை நீக்கி, தலைப்பிட்டுப் பக்கத்தில் சேர்க்கிறார். வாசகர் நிருபரின் பெயரைச் சில வேளைகளில் அறிவார்; உதவி ஆசிரியரை ஒருபோதும் அறியார். ஆயினும் அச்சில் நிற்கும் வாக்கியம் பெரும்பாலும் இரண்டாமவருடையது.

இக்கட்டுரையாளர் ஆசிரியப் பணிக்கு வருமுன் ஒரு நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் சில ஆண்டுகள் அவ்வேலையைச் செய்தவர். நிருபர் எழுதிய ‘இருக்கலாம் என ஆய்வாளர் கருதுகிறார்’ என்பதை ‘ஆகும்’ என்று மாற்றிய நாள்கள் பல. பத்தி ஒரு வரி நீண்டுவிட்டது என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இருந்ததில்லை. திருட்டு, விபத்து, கோயில் குடமுழுக்கு ஆகிய செய்திகளில் இம்மாற்றம் பெரும் தீங்கு செய்வதில்லை. நிலம், நீர், காற்று பற்றிய செய்திகளில் ஆய்வாளரின் கண்டுபிடிப்பு அந்த ‘இருக்கலாம்’ என்னும் சொல்லிலேயே இருக்கிறது என்பது பின்னரே விளங்கியது.

தமிழில் ‘பதிப்பாசிரியர்’ என்னும் சொல் வேறொரு மரபையும் நினைவூட்டுகிறது. சிதம்பரம் மீனாட்சி தமிழ்க் கல்லூரியில் 1924 முதல் 1927 வரை முதல்வராக இருந்தவர் உ.வே.சாமிநாதையர். ஏடுகளை ஒப்பிட்டு, தாம் கொண்ட பாடத்தை மேலே வைத்து, கொள்ளாத பாடங்களையும் அடியில் காட்டிய பதிப்புமுறை அவருடையது. அவருக்கு முற்பட்ட உரையாசிரியர்களும் தாம் மறுக்கும் கருத்தை ‘என்பாரும் உளர்’ என்று பதிவு செய்துவிட்டே மறுத்தனர். ஒரு முடிவை ஏற்பதும் மாற்று முடிவைக் காட்டுவதும் ஒரே பக்கத்தில் இயலும் என்பதைத் தமிழ்ப் பதிப்புலகம் நன்கறியும். நாளிதழ்ச் செப்பமிடலில் இப்பழக்கம் வேரூன்றவில்லை. அதன் விளைவைப் பிச்சாவரத்தில் தெளிவாகக் காணலாம்.

பிச்சாவரம்: பெயரே தீர்ப்பாகும்போது

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை கடலூர் மாவட்டக் கரையில் 600க்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்தது. அடுத்த ஆண்டு, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பரங்கிப்பேட்டைக் கடல்வாழ் உயிரியல் உயராய்வு மையத்தைச் சேர்ந்த கே. கதிரேசனும் உடன் ஆய்வாளர் என். இராஜேந்திரனும் ஓர் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டனர். பரங்கிப்பேட்டைக் கரையோரத்து 18 மீனவக் குடியிருப்புகளில் நேர்ந்த உயிரிழப்பையும் பொருளிழப்பையும் அவர்கள் கணக்கிட்டனர். கடலிலிருந்து ஊர் எவ்வளவு தொலைவு, நிலம் எவ்வளவு உயரம், இடையில் எவ்வளவு மரப்பரப்பு என்பவற்றோடு அக்கணக்கை ஒப்பிட்டனர். காடு அலையைத் தணித்தது என்பது அவர்கள் முடிவு. அதே ஆண்டு ‘சயின்ஸ்’ இதழில் டேனியல்சன் முதலியோர் இதே மாவட்டக் கரையை ஆராய்ந்து, மரங்கள் இருந்த பகுதிகளில் சேதம் குறைவு என்று எழுதினர். உலகச் செய்தியேடுகளுக்கு இவ்விரண்டும் போதுமானவையாயின. ‘காடு காத்தது’ என்னும் வாக்கியம் பிறந்தது.

2006இல் கெர், பெயர்டு, கேம்ப்பெல் ஆகிய மூவர், கதிரேசன் – இராஜேந்திரன் கட்டுரை வெளிவந்த ஆய்விதழிலேயே மறுப்பு எழுதினர். அந்த 18 ஊர்களின் தரவுகளையே மீண்டும் எடுத்துக் கணக்கிட்டு, தொலைவையும் உயரத்தையும் கழித்துவிட்டால் மரப்பரப்பு தனியே விளக்குவது மிகச் சிறிதே என்றனர். காடு பொதுவாகக் கரையிலிருந்து உள்ளே தள்ளி, கழிமுகங்களின் ஓரத்தில் வளர்கிறது. அதன் பின்னால் உள்ள ஊர் இயல்பாகவே கடலுக்குத் தொலைவில் இருக்கும். ஊரைக் காத்தது காடா, தொலைவா என்பதே அவர்கள் எழுப்பிய வினா. இம்மறுப்புக்கும் மறுமொழி வந்தது. வெர்மாட், தம்பன்யா இருவரும் அதே தரவுகளை வேறு முறையில் ஆராய்ந்து காட்டின் பங்கு உண்டு என வாதிட்டனர்.

நம் மாவட்டத்துப் 18 ஊர்களைப் பற்றிய இவ்விவாதம் உலக ஆய்விதழ்களில் நடந்தது. தமிழ்ப் பொதுவாசகரிடம் அதன் முதல் பகுதி மட்டுமே வந்து தங்கியது. டிசம்பர் 26 நெருங்கும்போது எழுதப்படும் நினைவுக் கட்டுரைகளைப் புரட்டினால் ‘காடு காத்தது’ என்பதே மீண்டும் வரும். மறுப்பு சரி என்பதல்ல இங்கு கூற வருவது. மூல ஆய்வாளர்களே தொலைவையும் உயரத்தையும் தம் கணக்கில் சேர்த்திருந்தனர். அவர்கள் மூன்றாகச் சொன்னதை ஒன்றாக்கியது செப்பமிட்ட கை.

இதன் விளைவு ஏட்டளவில் நிற்பதன்று. காடு இருந்தால் ஊர் காக்கப்படும் என்று நம்பும் நிருவாகம், மரக்கன்று நட்ட கணக்கையே பாதுகாப்புக் கணக்காகக் காட்டிவிட முடியும். தொலைவும் உயரமும் பங்கு கொண்டவை என்றால் வேறு வினாக்கள் எழும்: குடியிருப்பு எங்கே அமைய வேண்டும், எச்சரிக்கை எவ்வளவு விரைவில் சேர வேண்டும், மேட்டுக்குப் போகும் சாலை உண்டா? தேவனாம்பட்டினத்துக்கும் கிள்ளைக்கும் இவ்வினாக்களின் விடை ஒன்றாக இருக்க முடியாது.

இங்கே பெயர்ச்சொல்லும் ஒரு வேலை செய்கிறது. இக்காட்டைக் குறிக்கத் தமிழ்ச் செய்திகளில் சதுப்புநிலக் காடு, மாங்குரோவ் காடு, சுரபுன்னைக் காடு, அலையாத்திக் காடு எனப் பல பெயர்கள் வழங்குகின்றன. அண்மைக்காலத்தில் ‘அலையாத்தி’ மற்றவற்றைப் பின்தள்ளிவிட்டது. அலையை ஆற்றுவது என்று அதற்குப் பொருள் சொல்லப்படுகிறது. அழகிய சொல், செவிக்கும் இனியது. ஆனால் ஆய்வில் எது வழக்காக நிற்கிறதோ அதையே அது தன் பெயரில் தீர்ப்பாக வைத்திருக்கிறது. ‘அலையாத்திக் காடு அலையைத் தடுத்ததா?’ என்று தலைப்பிட்டால் வினாவே விடையாகிவிடும். சுரபுன்னை என்றால் அது ஒரு மரத்தின் பெயர், காடு முழுவதையும் குறிக்காது. சதுப்புநிலம் என்றால் கோரை வளர்ந்த நன்னீர்ச் சதுப்பும் அதில் அடங்கிவிடும். எந்தப் பெயரும் குற்றமற்றதன்று. செப்பமிடுபவர் எதைத் தேர்ந்தாலும் எதை இழக்கிறோம் என்று அறிந்து தேர்வதே இயலும். இக்கட்டுரையாளர் ‘கண்டல் காடு’ என்பதை விரும்புகிறார். நெய்தல் திணைப் பாடல்களில் கண்டல் ஊர்க்கும் கழிக்கும் வேலியாகச் சொல்லப்படுகிறது. அங்கு வேலி என்பது எல்லை. பேரலையைத் தடுக்கும் மதில் என்னும் பொருளை அதில் ஏற்றிப் படிப்பது நம் காலத்து ஆசை.

சிதம்பரம் நகரின் பழம்பெயரும் இக்காட்டைச் சேர்ந்ததே. தில்லை என்பது கண்டல் காட்டில் வளரும் மரவகை. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையை மறைக்கும். கோயிலின் தலமரம் அதுவே. பிச்சாவரத்தில் இன்றும் தில்லை நிற்கிறது. ஊர்ப்பெயரில் தாவரவியலும் கடற்கரை வரலாறும் சேர்ந்து கிடக்கும் இடத்தில், பிச்சாவரத்தைப் ‘படகுச் சவாரித் தலம்’ என்னும் ஒற்றை அடைமொழிக்குள் அடக்கிவிடும் விடுமுறைக்காலச் செய்திகள் வருத்தம் தருவன.

காடு அழிந்த கதையிலும் இதே சுருக்கம் நேர்ந்துள்ளது. பிச்சாவரத்தின் உட்பகுதிகள் பட்டுப்போனதற்கு ஊர்மக்களின் விறகு வெட்டும் மாடு மேய்ச்சலும் காரணம் என நெடுங்காலம் சொல்லப்பட்டது. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தினர் 1990களில் செய்த ஆய்வு வேறொன்றைக் காட்டியது. அரசு நிருவாகத்தின்கீழ் பல ஆண்டுகள் நடந்த கூப்பு வெட்டில் காடு பகுதி பகுதியாக முற்றும் வெட்டப்பட்டது. மரம் நீங்கிய மண் வெயிலில் காய்ந்து அமிழ்ந்து, தரை தொட்டிபோல் குழிந்தது. ஏற்றத்தில் புகுந்த கடல்நீர் வற்றத்தில் வெளியேற வழியின்றித் தேங்கி, ஆவியாகி, உப்பு மிகுந்தது, கன்று முளைக்கவில்லை. நோய் இன்னதென்று தெரிந்தபின் மருந்தும் தெரிந்தது. மீன்முள் வடிவில் வாய்க்கால்கள் வெட்டி நீரோட்டத்தை மீட்டதும் காடு மீண்டும் தழைத்தது. முதல் விளக்கத்தில் குற்றவாளி விறகு சுமந்த ஏழை; இரண்டாவதில் ஒரு நிருவாக முறை. ‘மக்களின் ஆக்கிரமிப்பால் அழியும் காடுகள்’ என்பது ஆயத்த வாக்கியமாகச் செப்பமிடும் மேசையில் எப்போதும் கிடக்கிறது. அதனை எடுத்துப் பொருத்துமுன் ஒருமுறை வினவுவது உதவி ஆசிரியரின் கடன். அக்கழிகளில் கையால் தடவி இறால் பிடித்து வாழும் இருளர் குடிகளுக்கு அவ்வினா ஒரு வாழ்வுரிமைச் செய்தி.

சிப்காட்: மடங்கு எதன் மடங்கு?

கடலூரின் தெற்கே சிதம்பரம் சாலையை ஒட்டிய சிப்காட் தொழிற்பேட்டை 1980களில் தோன்றியது. வேதிப்பொருள், சாயம், மருந்து ஆலைகள் அங்கு அமைந்தன. 2004இல் சுற்றுவட்டார ஊர்களின் மக்களே காற்றைக் கண்காணிக்கத் தொடங்கினர். அயல்நாட்டுத் தொழிற்பகுதிகளில் பழகிய ‘வாளி’ முறையில், நாற்றம் எழும் நேரத்தில் காற்றை ஒரு பையில் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினர். நாற்றத்தின் வகையையும் நேரத்தையும் நாட்குறிப்பில் எழுதினர். அழுகிய முட்டை நாற்றம் கந்தகச் சேர்மத்தையும், நகப்பூச்சு வாடை கரைப்பான்களையும் சுட்டும் குறிப்புகள். ஊர்ச்சொல் இங்கே அளவீட்டின் முதற்படியாகியது.

அத்தகைய குறிப்பைப் பெற்ற செய்தி, அச்சில் ‘துர்நாற்றம் வீசுவதாகப் பொதுமக்கள் புகார்’ என்று மாறும். எந்த நாற்றம், எந்த நேரம், காற்று எத்திசையிலிருந்து என்னும் மூன்றும் போய்விடும். ‘துர்நாற்றம்’ என்னும் சொல்லால் குப்பைமேட்டுக்கும் ஆலைப்புகைக்கும் வேறுபாடு சொல்ல முடியாது. நிருபர் ‘முட்டை அழுகிய நாற்றம்’ என எழுதியிருந்தால் அது கொச்சை என்று நீக்கப்படுவதும் உண்டு. இச்சொல்லாட்சியில் செந்தமிழ் ஆர்வம் அறியாமலே ஆலைக்குச் சார்பாக நிற்கிறது.

2008இல் வேறொரு வகைச் சிக்கல் நேர்ந்தது. தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனமான நீரி செய்த ஆய்வின் செய்தி வெளிவந்தபோது, சிப்காட் பகுதி மக்களுக்குப் புற்றுநோய் வாய்ப்பு 2000 மடங்கு அதிகம் என்னும் வாக்கியம் பரவியது. அவ்வெண் இன்றுவரை மேடைகளிலும் கட்டுரைகளிலும் வலம் வருகிறது. எதைவிட 2000 மடங்கு என்பதைச் சொன்ன செய்திகள் அரிது. இத்தகைய இடர்க் கணக்கீடுகளில் ஏற்கத்தக்க அளவு என ஒன்றை முதலில் வரையறுப்பர். பத்து இலட்சம் பேரில் ஒருவர் என்பது பல நாடுகளில் வழங்கும் வரையறை. அளந்த செறிவிலேயே ஒருவர் வாழ்நாள் முழுதும் மூச்சுவிட்டால் என்னும் கருதுகோளின்மேல் கணக்கு நடக்கும். வரையறை பத்து இலட்சத்தில் ஒன்று என்றால், 2000 மடங்கு என்பது ஆயிரத்தில் இருவர். ஊர்தோறும் நோயாளிகளை எண்ணிச் சொன்ன தொகையாக அது ஒலிக்கும். உண்மையில் காற்றிலிருந்து கணித்த வாய்ப்பு.

ஆயிரத்தில் இருவர் என்பது சிறிய தீங்கு என்று எவரும் கொள்ளலாகாது. ஒரு தொழிற்பேட்டை தன் அண்டை ஊர்கள்மேல் சுமத்தக்கூடாத இடர் அது. எண்ணின் அடியைக் காட்டாததால் நேர்ந்த கேடு வேறிடத்தில் உள்ளது. அடியில்லாத எண்ணை எளிதில் மறுத்துவிடலாம். ‘2000 மடங்கு நோயாளிகள் எங்கே?’ என்று ஆலைத்தரப்பு கேட்டால் ஊரார் வாயடைத்துப் போவர். அளவையும் வரையறையையும் கருதுகோளையும் இரண்டு வாக்கியங்களில் சேர்த்து எழுதியிருந்தால் அம்மறுப்புக்கு இடமில்லை. எச்சரிக்கையாக எழுதுவது பாதிக்கப்பட்டோருக்கு எதிரானது என்னும் எண்ணம் சூழலியல் ஆர்வலரிடையே உள்ளது. சிப்காட் செய்திகள் அதற்கு மாறாகவே சான்று பகர்கின்றன.

நெய்வேலி: எழுவாய் இல்லாத வாக்கியம்

நெய்வேலியைப் பற்றிய செய்திகளில் எண்ணைவிட வினைச்சொல் முதன்மை பெறுகிறது. 1956இல் நிறுவனம் தோன்றி, 1957 மே 20 அன்று சுரங்க வேலையை நேரு தொடங்கி வைத்தார். 1962இல் சோவியத் உதவியுடன் அனல்மின் உற்பத்தி தொடங்கியது. அந்த முதல் நிலையம் 2020இல் மூடப்பட்டது. இந்த வரலாற்றைத் தமிழ்ச் செய்திகள் பெரும்பாலும் செயப்பாட்டுவினையில் சொல்கின்றன: நிலம் கையகப்படுத்தப்பட்டது, மக்கள் மாற்றிடத்தில் குடியமர்த்தப்பட்டனர், நீர் வெளியேற்றப்படுகிறது. செயப்பாட்டுவினை தவறன்று. அது தொடர்ந்து அடுக்கப்படும்போது எழுவாய் ஒரு தலைமுறைக்கே மறைந்துவிடுகிறது. 2020 மே 7, ஜூலை 1 ஆகிய நாள்களில் இரண்டாம் அனல்மின் நிலையத்தில் தொழிலாளர் பலரைப் பலிகொண்ட விபத்துகளில் ‘கொதிகலன் வெடித்தது’ என்று கொதிகலனே எழுவாயாயிற்று. பராமரிப்பு யாருடைய பொறுப்பு என்பது அடுத்த நாள் செய்திக்குத் தள்ளப்பட்டது.

2023 ஜூலை 26 அன்று வளையமாதேவியில் நடந்ததை எழுதுவது ஒரு செப்பமிடுநர்க்குக் கடுமையான சோதனை. பரவனாற்றின் மாற்றுக் கால்வாய்க்காக, நெல் நின்ற வயலில் மண்வெட்டி எந்திரங்கள் இறங்கின. நிலம் பல ஆண்டுகளுக்கு முன்பே கையகப்படுத்தப்பட்டு இழப்பீடும் தரப்பட்டது என்றது நிறுவனம். அதன்பின்னும் வேலை தொடங்காததால் உழுது பயிரிட்டு வந்தோம், இழப்பீடும் வேலையும் முறையாகக் கிடைக்கவில்லை என்றனர் உழவர். ‘கால்வாய் வெட்டும் பணி தொடக்கம்’ என்பது உண்மை. ‘நெற்பயிர் அழிப்பு’ என்பதும் உண்மை. முதல் தலைப்பு பத்திரக் காலத்தில் நிற்கிறது. இரண்டாவது பயிர்க் காலத்தில் நிற்கிறது. நிலம் கைமாறியது முன்னொரு நாளில், பயிர் நின்றது அன்றைக்கு. வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தபோது நீதிபதி வெளிப்படுத்திய வேதனையும் அறுவடை வரை பொறுக்க இயலாதா என்னும் வினாவும் இவ்விரண்டாம் காலத்தைச் சேர்ந்தவை. பயிருக்கு இழப்பீடு வழங்கவும் நீதிமன்றம் ஆணையிட்டது. இரு காலங்களையும் ஒரே வாக்கியத்தில் பிடிக்கத் தமிழின் எச்சங்கள் போதும்: ‘முன்பு எடுத்த நிலத்தில், பயிர் நிற்கும்போதே, நிறுவனம் கால்வாய் வெட்டியது.’ எட்டுச் சொற்கள். எழுவாய் தன் இடத்தில் நிற்கிறது. அதற்கு இரண்டு நாள்கள் கழித்து நெய்வேலியில் நடந்த முற்றுகையும் வன்முறையும் வந்தவுடன் பக்கத்தின் தலைப்பு ‘கலவரம்’ ஆயிற்று. பயிர் உள்ளே சென்றது.

நீரின் நிலை இன்னும் மோசம். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிப் படுகையின் அடியில் அழுத்தம் மிக்க நீர்த்தாங்கி உள்ளது. மேல்மண்ணை அகற்றினால் அடிநீர் சுரங்கத்தின் தரையைப் பிளந்து மேலெழும். ஆகவே இரவும் பகலும் நீரை இறைத்து அழுத்தத்தைக் குறைத்தபின்பே வெட்ட முடியும். கரி எடுக்க நீரையும் எடுத்தாக வேண்டும் என்பது அங்குள்ள நிலவியலின் விதி. மின்சாரச் செய்தியில் மெகாவாட் தவறாமல் இடம்பெறுகிறது. அதற்காக இறைத்த நீர் இடம்பெறுவதில்லை. கிணறு தாழ்ந்த செய்தி வேறொரு நாள், வேறொரு பக்கத்தில், ‘குடிநீர்ப் பற்றாக்குறை: பெண்கள் காலிக்குடங்களுடன் மறியல்’ என வரும். 2023 ஆகஸ்டில் பூவுலகின் நண்பர்கள் அமைப்பும் மந்தன் அத்யயன் கேந்திராவும் நெய்வேலிச் சுற்றுப்புற நீர், மண் மாதிரிகளை ஆய்ந்து வெளியிட்ட மாசு அறிக்கை, வளையமாதேவி நிகழ்ந்து ஒரு மாதம்கூட நிறையாத நிலையில் வந்தது. இரண்டையும் இணைத்து எழுதிய செய்திகள் சிலவே.

இடநெருக்கடியில் முதலில் வெட்டுப்படும் சொல் ‘பழுப்பு’. ‘பழுப்பு நிலக்கரி’ தலைப்பில் நீளம் என்பதால் ‘நிலக்கரி’ ஆகிறது. நெய்வேலிக் கரியில் ஏறக்குறையப் பாதி ஈரம், வெப்பத்திறன் குறைவு, ஒரே அளவு மின்சாரத்துக்குக் கூடுதலாக எரிக்க வேண்டும், கரியமில வாயுவும் கூடும். காலநிலை பற்றிய செய்தியில் விடுபட்ட அந்த ஒற்றை அடைமொழியே செய்தியின் உட்பொருள். ‘லிக்னைட்’ என்று எழுதினால் இடம் மிச்சப்படும், பொருளும் போகாது. தூயதமிழ் நோக்கினர் இதனை ஏற்கமாட்டார்கள். நெய்வேலித் தொழிலாளர் குடும்பங்களில் அன்றாடம் வழங்கும் சொல் அது என்பதால் இக்கட்டுரையாளர்க்கு அதில் தயக்கமில்லை.

‘கூறப்படுகிறது’ என்னும் கேடயம்

ஐயத்தைக் குறிக்கத் தமிழ் நாளிதழ்களில் ஒரு சொல் உண்டு: ‘கூறப்படுகிறது’. வதந்திக்கும் அதுவே, காவல்துறை சொன்னதற்கும் அதுவே, ஆய்வகம் அளந்ததற்கும் அதுவே. எல்லாவற்றுக்கும் பயன்பட்டதால் எதையும் வேறுபடுத்தாத சொல்லாகிவிட்டது. சூழலியல் செய்தியில் அளந்தது, கணித்தது, கருதியது, கேட்டது ஆகிய நான்கும் வேறு வேறு. நீரில் பாதரசம் இவ்வளவு என்பது அளந்தது. வாழ்நாள் இடர் கணித்தது. காடு காத்தது என்பது ஒப்பீட்டிலிருந்து கருதியது. நான்குக்கும் தமிழில் நான்கு வினைகள் இருக்க, ஒரே செயப்பாட்டுவினையை எல்லாவற்றின்மேலும் போர்த்துவது சட்டப் பாதுகாப்புக்காகச் செய்யும் பழக்கம். ‘என்ப’ என்று சொல்லிச் சென்ற தொல்லிலக்கண ஆசிரியர்க்குச் சொன்னவர் யார் என்பது மாணவர்க்குத் தெரிந்திருந்தது. நம் ‘கூறப்படுகிறது’க்குப் பின்னால் எவரும் இல்லை.

தமிழ்ச் சூழலியல் எழுத்தின் நிலை பொதுவில் தாழ்ந்ததன்று. மா. கிருஷ்ணன் தமிழில் எழுதிய இயற்கைக் கட்டுரைகளும், அவற்றைத் தொகுத்த சு. தியடோர் பாஸ்கரனின் நூல்களும், பூவுலகின் நண்பர்கள் கொணர்ந்த மொழிபெயர்ப்புகளும், ‘இந்து தமிழ்’ நாளிதழின் ‘உயிர் மூச்சு’ இணைப்பிதழும் சொல்வளத்தைப் பெருக்கியுள்ளன. இவை பெரும்பாலும் நூல்களாகவும் வார இணைப்புகளாகவும் நின்றுவிட்டன. சுரங்கத்துக்கு நிலம் எடுப்பது வணிகப் பக்கத்திலும், அதனை எதிர்ப்பது மாவட்டப் பக்கத்திலும், கைதானது குற்றப் பக்கத்திலும், புயல் முதல் பக்கத்திலும் வருகின்றன. 2011 டிசம்பர் 30 அன்று கடலூரில் முந்திரியையும் பலாவையும் சாய்த்த தானே புயலையும், 2015 நவம்பர் வெள்ளத்தையும் ‘இயற்கைச் சீற்றம்’ என்றே தலைப்பிட்டோம். தென்பெண்ணை, கெடிலம், பரவனாறு, வெள்ளாறு, கொள்ளிடம் என ஐந்து ஆறுகள் கடல் சேரும் மாவட்டத்தில் வடிகால் அடைபட்டதற்கு இயற்கையின் கோபம் எவ்வாறு பொறுப்பாகும்? ‘பருவநிலை மாற்றம்’ என்று எழுதி வந்த நாளிதழ்கள் அரசுத் துறையின் பெயரைப் பின்பற்றி இன்று ‘காலநிலை மாற்றம்’ என எழுதுகின்றன. சம்பா, தாளடி என்று கணக்கிடும் உழவர் ‘பருவம் தப்பிய மழை’ என்கிறார். அவர் சொல்வது ஓர் ஆண்டின் நிகழ்வு, ஆய்வாளர் சொல்வது முப்பது ஆண்டுகளின் போக்கு. ஒன்றை மற்றதாக மாற்றிவிடாமல் இரண்டையும் வைக்க வேண்டிய இடமும் அந்தச் செப்பமிடும் மேசையே.

அம்மேசையில் ஓர் ஊர்ப்பெயரை அறிந்தவர் இருப்பதால் விளையும் வேறுபாட்டுக்கு 2023ஆம் ஆண்டின் நிகழ்வு ஒன்று போதும். மார்ச் 29 அன்று ஒன்றிய நிலக்கரி அமைச்சகம் ஏலத்துக்கு விடும் சுரங்கப் பகுதிகளின் பட்டியலை வெளியிட்டது. நாடு முழுவதும் 106 பகுதிகள் என வணிகச் செய்தி வந்தது. பட்டியலில் வடசேரி, மைக்கேல்பட்டி ஆகியவற்றுடன் சேத்தியாத்தோப்பு கிழக்கு என்னும் பெயரும் இருந்தது. 2020ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் கடலூர் மாவட்டத்தின் காட்டுமன்னார்கோயில், மேல்புவனகிரி, கீரப்பாளையம், பரங்கிப்பேட்டை, குமராட்சி ஆகிய ஐந்து ஒன்றியங்களைத் தன்னுள் கொண்டது. ஏப்ரல் 4 அன்று அச்சட்டத்தைச் சுட்டி முதலமைச்சர் பிரதமருக்கு எழுதினார். ஏப்ரல் 8 அன்று மூன்று பகுதிகளும் விலக்கப்பட்டதாக அறிவிப்பு வந்தது. பட்டியலுக்கும் கடிதத்துக்கும் இடைப்பட்ட ஆறு நாள்களில், ஆங்கில எழுத்தில் அடுக்கிய நூற்றுக்கும் மேற்பட்ட பெயர்களின் நடுவே அப்பெயர் கிடந்தது. அதனைத் தமிழில் படித்து, வெள்ளாற்றின் குறுக்கே அணைக்கட்டு நிற்கும் ஊர் இது என்று கண்டுகொள்ள, மாவட்டப் பக்கத்தைச் செப்பமிடும் ஒருவர் வணிகப் பக்கத்தையும் பார்த்திருக்க வேண்டும்.